பம்ப்ஹவுஸ் லைனில் எத்தனை பேர்

கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் பம்ப்ஹவுஸ் லைனில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் போன வருஷம் வரைக்கும் மூன்று பதில் கிடைக்கும். அரசாங்க ரிஜிஸ்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வாயில் ஆயிரம். குழாயடியில் குடத்தோடு நிற்கிறவளைக் கேட்டால், ஊரே இங்கேதான் இருக்கிறது என்பாள். இந்த மூன்றையும் நம்பாமல், நான்கு வரிசையிலும் வீடு வீடாக ஏறி இறங்கி எண்ணிப் பார்த்த ஒருத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெயர் அன்புச்செல்வி. எங்கள் லைன் அங்கன்வாடி டீச்சர். வயது நாற்பத்தொன்பது. கொஞ்சம் பிடிவாதக்காரி. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் ஏசுபாதம். நான்காவது வரிசை, கடைசி வீடு. பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். இருபத்துநான்கு வருஷமாக விடிகாலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவன். சுரங்கம் மூடியபோது அப்பாவோடு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறினவர்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் இப்படித்தான் ரயிலில் ஏறினோம். லைனில் பகல் பத்து மணிக்கு வந்து பார்த்தால் கிழங்களும் நாய்களும் பூட்டிய கதவுகளும்தான் இருக்கும். கணக்கெடுக்க வருகிறவர்களும் அந்தப் பத்து மணிக்குத்தான் வருவார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண் அப்படித்தான் பிறந்தது.

அங்கன்வாடி முதல் வரிசையின் முனையில் இருக்கிறது. ஒரே ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஒரு ஷெட். இருபத்துமூன்று பிள்ளைகள். சட்டப்படி காலை ஒன்பதரைக்குத் திறந்தால் போதும். அன்புச்செல்வி ஐந்து மணிக்கே திறந்துவிடுவாள். ஏனென்றால் அந்த இருபத்துமூன்றில் பதினான்கு பிள்ளைகளின் அம்மாக்கள் ரயிலுக்கு ஓடுகிறவர்கள். தூக்கம் கலையாத பிள்ளையை அப்படியே தோளோடு கொண்டுவந்து பாயில் கிடத்திவிட்டு ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். விடிகிறவரைக்கும் அவளும் உதவியாளர் சரோஜாவும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு ஒரு உத்தரவும் கிடையாது. மேலிடத்துக்கு இது தெரியுமா என்று நான் ஒருமுறை கேட்டேன். ஐந்து மணிக்குத் திறந்த முதல் நாளே லெட்டர் எழுதிவிட்டதாகவும் பதினொரு வருஷமாகப் பதில் வரவில்லை என்றும் சொன்னாள். வராத பதிலை அனுமதி என்று எடுத்துக்கொண்ட ஒரே அரசாங்க ஊழியர் அவளாகத்தான் இருப்பாள்.

அவளுக்கு இந்தக் கணக்குப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் பழைய கதைக்குப் போக வேண்டும். கம்பெனி காலத்தில் லைன் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை உண்டு. வேலை செய்கிறவன், மனைவி, பிள்ளைகள். அதற்கு மேல் ஆள் இருந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது எங்கள் லைனின் திடமான நம்பிக்கை. எந்த ரூலில் அப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. ஆனால் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தம்பி, புருஷனை இழந்த அக்கா, அக்காவின் பிள்ளை என்று அட்டையில் இல்லாத ஆட்கள் இரண்டு பேராவது ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை லைன் இன்ஸ்பெக்டர் தலை எண்ண வருவார். முதல் வரிசையில் தொடங்கி நான்காவதில் முடிப்பார். அவர் இரண்டாவது வரிசைக்குள் நுழையும்போது, அந்த வரிசையில் அட்டையில்லாதவர்கள் எல்லாம் பின்பக்கச் சந்து வழியாக, எண்ணி முடித்த முதல் வரிசைக்குப் போய்விடுவார்கள். அவர் மூன்றாவதுக்குப் போனால் அங்கிருப்பவர்கள் இரண்டாவதுக்கு. ஒருவர் முகத்திலும் பதற்றம் இருக்காது. குழம்பு கொதிக்கிற அடுப்பை அணைக்காமல்கூட வரிசை மாறுவார்கள்.

அன்புச்செல்வி அப்படி வரிசை மாறின பிள்ளை. அம்மா அவளை வயிற்றில் சுமந்தபடி விதவையாகத் தன் தம்பி கோவிந்தசாமியின் வீட்டுக்கு வந்தவள். மாமன் தங்கமான மனிதர், ஆனால் பயந்த சுபாவம். குழந்தை நடக்கத் தொடங்கியதும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், இன்ஸ்பெக்டர் தொப்பி தெரிந்தால் பின்பக்கம் ஓடு என்பதுதான். ஆறு வருஷம் ஓடினாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அட்டையில் பேர் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் உள்ளே கூச்சல் போட, இவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழு வருஷம் நின்றாள். நானே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினைந்து பதினாறு வயது, கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் கோவிந்தசாமி ஒரு நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு லைன் ஆபீசுக்குப் போனார். வீடு போனால் போகட்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். அங்கே இருந்த கிளார்க் தலையை நிமிர்த்தாமல் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், எழுதினார், அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். இதைப் பார்த்தாவது எங்கள் ஜனம் திருந்தியிருக்க வேண்டாமா? கோவிந்தசாமிக்கு அந்த கிளார்க்கைத் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள், அடுத்த வருஷமும் வரிசை மாறினார்கள்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கன்னடம் எழுதப் படிக்க நன்றாகக் கற்று, வேந்தனைக் கல்யாணம் செய்து, மாயா என்று ஒரு பெண்ணைப் பெற்று, சுரங்கம் மூடிய வருஷம் அங்கன்வாடி வேலையில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு புத்த விகாரைக்குப் போய் வந்தனை முடித்து வருவாள். மற்ற ஆறு நாளும் பிள்ளைகள், எடை பார்க்கும் தராசு, ரிஜிஸ்டர். லைன் ஆபீசை இடித்தபோது பழைய காகிதங்களை மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பருக்குப் போட்டார்கள். பிள்ளைகள் பின்பக்கத்தில் படம் வரையட்டும் என்று இரண்டு மூட்டையைக் கேட்டு வாங்கி வந்தாள். அதில் இருந்தது எங்கள் லைன் இன்ஸ்பெக்டரின் தலைக்கணக்கு நோட்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அதைப் புரட்டினவள், மறுநாள் ஸ்டேஷனில் என்னைப் பார்த்து அப்படியே நீட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டே வரி. மொத்தம் இத்தனை பேர். நூறு பேருக்கு ஒன்று வீதம் இத்தனை குழாய்.

வீட்டைப் பிடுங்க வரவில்லை அந்த மனிதர். குழாய் போட எண்ண வந்திருக்கிறார். ஐந்நூற்றுச் சில்லறைப் பேர் இருந்த லைனில் இருநூற்றுத் தொண்ணூறு என்று எண்ணி, இரண்டு குழாய் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து குழாய் வந்திருக்க வேண்டிய இடம். என் அம்மா அந்த இரண்டு குழாயில் முப்பது வருஷம் சண்டை போட்டுத் தொண்டை கெட்டுச் செத்தாள். அத்தனை வருஷமும் கம்பெனியைத் திட்டினாள், பக்கத்து வரிசையைத் திட்டினாள். திட்ட வேண்டியது யாரை என்று கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. நான் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

இனி போன வருஷத்துக்கு வருகிறேன். நானூறு பேருக்குக் குறைவான மக்கள் உள்ள இடங்களில் அங்கன்வாடியை அடுத்த மையத்தோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்களுக்கு அடுத்த மையம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். விடிகாலையில் யார் இரண்டு மூன்று வயதுப் பிள்ளையைத் தண்டவாளம் தாண்டிக் கொண்டுபோய் விடுவது? கொண்டுபோனாலும் ஒன்பதரை வரைக்கும் அங்கே பூட்டு. மையம் போனால் பதினான்கு அம்மாக்களில் பாதிப் பேர் வேலையை விட வேண்டும். மாத முடிவுக்குள் புதிதாகக் கணக்கெடுத்து ரிஜிஸ்டரைக் கொடுக்க வேண்டும், கோலாரிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பார் என்று உத்தரவு.

சூப்பர்வைசர் பாக்யலட்சுமி பங்காருபேட்டையிலிருந்து வருகிறவர். நல்ல மனுஷி. கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுவார். அன்புச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, நானூற்றுப் பத்து என்று எழுதிவிடு, எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், நான் கண்டுகொள்ள மாட்டேன் என்று அவரே சொன்னார். இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? இவள் முடியாது என்றுவிட்டாள். நான் ரயிலுக்குப் போகிற வழியில் நிறுத்தி, ஊரோடு ஒத்துப்போ செல்வி, பிள்ளைகளுக்காகத்தானே என்று புத்தி சொன்னேன்.

"ஒளிஞ்சி ஒளிஞ்சி மூணு குழாயை விட்டோம், அண்ணே. இப்ப இல்லாத ஆளை எழுதி இன்னாத்த விடப் போறோமோ. இக்கிறவங்களை எண்ணினாலே நானூறு வரும். எனக்குத் தெரியும்," என்றாள்.

எண்ணுவதற்கு அவள் செய்த ஏற்பாடு எங்கள் லைனில் யாருக்கும் தோன்றாதது. பகலில் வீடு பூட்டியிருக்கிறது என்றால் ஆள் எங்கே இருக்கிறானோ அங்கே போக வேண்டியதுதானே. பிள்ளைகளைச் சரோஜாவிடம் விட்டுவிட்டு ரிஜிஸ்டரோடு எங்கள் ரயிலில் ஏறினாள். எங்கள் வண்டியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பெட்டி உண்டு. எழுதாத சட்டம். பம்ப்ஹவுஸ் லைன் என்றால் நான்காவது பெட்டி, பெண்கள் அதற்கு அடுத்தது. பங்காருபேட்டை வரைக்கும் ஒவ்வொரு சீட்டாக நின்றுகொண்டே எழுதுவாள், அங்கே இறங்கி எதிர் வண்டியில் திரும்பிவிடுவாள். ஒன்பது நாள் இப்படிப் போனாள். தூங்கி வழிகிறவனை எழுப்பிக் கேட்டாள், சீட்டாடுகிறவர்களை நிறுத்திக் கேட்டாள். ரயிலில் கேட்டதை மாலையில் வீட்டில் போய்ச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினாள்.

ஆனால் பழக்கம் விடுமா? கேட்டதும் எங்கள் ஆட்கள் வாயில் குறைந்த எண்தான் வந்தது. ஆறு பேர் இருக்கிற வீட்டில் நாலு. இரண்டு வீட்டுக்கு நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கினவன், எந்த வீட்டுக்காரன் என்றே சொல்லவில்லை. அவள் குழாய்க் கதையைப் பெட்டி பெட்டியாகச் சொன்னாள். நோட்டைக் காட்டினாள். சிலர் சிரித்தார்கள், சிலர் மனசு மாறி உண்மை சொன்னார்கள். எண் முந்நூற்று அறுபதைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது.

என் வீட்டுக்கு ஒரு மாலையில் வந்தாள். இந்த இடத்தில் நான் என்னைப் பற்றிய உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் மகள் வின்னி எட்டு மாதத்துக்கு முன் புருஷன் வீட்டிலிருந்து பையோடும் மூன்று வயது ஜெனிட்டாவோடும் வந்துவிட்டாள். காரணம் நியாயமானது, கன்னத்தில் தெரிந்தது. ஆனாலும் யார் கேட்டாலும் நான், லீவுக்கு வந்திருக்கிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் யார் லீவு கொடுக்கிறார்கள்? வின்னி என்னோடு அதே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள், லைனே பார்க்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் நான்தான்.

அன்புச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைத் திறந்தாள். எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு, நானும் என் மனைவி ஜாயும் என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே ஜெனிட்டா, அங்கன்வாடியில் சொல்லிக்கொடுத்த பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்தவள் என் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள். ஜாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அன்புச்செல்வி பேனா மூடியைக் கழற்றினாள். பிறகு, இரண்டு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பது குறைவு. அந்த எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். பாக்யலட்சுமி தலையில் அடித்துக்கொண்டார். கூட ஒரு விண்ணப்பமும் வைத்திருந்தாள். சரிபார்க்க வரும் அதிகாரி வேலை நாளில் வந்தால் பூட்டைத்தான் எண்ண வேண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் வந்தால் விகாரை, சர்ச் எல்லாம் முடிந்து எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அதிகாரிக்கே எழுதுகிற அங்கன்வாடி டீச்சரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதிகாரி அம்மாளும் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கறாரான முகம். ஞாயிற்றுக்கிழமை போன கோபமும் அதில் இருந்தது.

அன்று மத்தியானமே லைனில் ஒரு ரகசிய ஏற்பாடு நடந்திருந்தது. என் பக்கத்து வீட்டு ரோனிதான் தொடங்கினான். அந்தக் காலத்தில் குறைத்துக் காட்ட வரிசை மாறினோம், இப்போது கூட்டிக் காட்ட மாறினால் என்ன? ஒன்பது பேர்தானே வேண்டும். இந்த யோசனை எங்கள் லைன் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது. யாரும் ஒத்திகை பார்க்கவில்லை, அது எங்கள் காலுக்கே தெரியும். அதிகாரி முதல் வரிசையை எண்ணி முடித்து இரண்டாவதில் நுழைந்தபோது பின்பக்கச் சந்தில் நாங்கள் ஏழு பேர் நடந்துகொண்டிருந்தோம். ஆமாம், நானும்தான். அரைச் சதம் தாண்டிய ஆள், சர்ச் கமிட்டி மெம்பர், சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாவது வரிசையில் ரோனியின் மச்சான் வீட்டு வாசலில் போய் மாமாவாக நின்றேன்.

அதிகாரி எண்ணிக்கொண்டே வந்தார். ரிஜிஸ்டரில் நூற்றொன்று என்றிருந்த வரிசையில் நூற்றெட்டு வந்தது. அவர் முகத்தில் கறார் கொஞ்சம் தளர்ந்தது, அதிகமாக இருக்கிறதே என்றார். பின்னால் வந்த பாக்யலட்சுமி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்புச்செல்வி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் மேல் வந்ததும் கண் நின்றது. அப்புறம் கன்னடத்தில், எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். இந்த ஏழு பேர் இந்த வரிசை இல்லை மேடம். மூன்று பேர் முதல் வரிசை, எண்ணியாகிவிட்டது. மூன்று பேர் மூன்றாவது வரிசை. இவர் ஏசுபாதம் அண்ணன், நான்காவது வரிசை, கடைசி வீடு.

எனக்குக் காது சுட்டது. ரோனி வாய்க்கு வந்தபடி பேசினான். யாருக்காகச் செய்கிறோம், உன் வேலைக்காகத்தானே, நன்றி கெட்டவள் என்று ஒரே கூச்சல். எங்கிருந்தோ ஒரு பெண், உன் மையம் மூடினால் என் பிள்ளையை நீயா பார்ப்பாய் என்று அழுதாள்.  அன்புச்செல்வி ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்னும் ஒன்பது தலை குறைகிறது என்பது அங்கிருந்த எல்லாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் அதிகாரியின் தாளில் அந்த ஏழு பேரையும் கோடு போட்டு அடிக்கும்வரை அவள் நகரவில்லை.

நான் சந்து வழியாக வீட்டுக்கு ஓடினேன். கோபம் தலைக்கேறியிருந்தது. இத்தனை பேர் நடுவில் என் மானத்தை வாங்கிவிட்டாள், என் வாசலுக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று வின்னியையும் பிள்ளையையும் உள்ளே போய் இருக்கச் சொன்னேன். வின்னி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது வரிசை முடிந்தது. ரிஜிஸ்டரில் இருந்த எண்ணிக்கையே வந்தது. நான்காவது வரிசை வீடு வீடாக நெருங்கியது. கடைசியாக என் வாசல்.

அதிகாரி ரிஜிஸ்டரைப் பார்த்து இரண்டு பேர் என்றார். ஆமாம் என்றேன். அவர் கண் கீழே போனது. வாசற்படியில் ஜெனிட்டாவின் ஒரு ஜோடி ரோஸ் செருப்பு. குழந்தை இருக்கிறதா என்று என்னைக் கேட்காமல் அன்புச்செல்வியைக் கேட்டார்.  சற்று முன் ஏழு பேரைக் காட்டிக்கொடுத்தவள். இந்தப் பிள்ளை தினமும் இவள் மடியில்தான் தூங்குகிறது. நான்கு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மையத்துக்கு இரண்டு தலை கூடும்.

"அத அவங்கதான் சொல்லணும், மேடம்," என்றாள். முதலில் தமிழில் வந்துவிட்டது, பிறகு கன்னடத்தில் திருப்பிச் சொன்னாள். அதிகாரிக்கு எரிச்சல் வந்தது. அங்கே மட்டும் சொன்னாயே, இங்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதற்கும் நிதானமாகவே பதில் சொன்னாள். இல்லாத ஆளை எழுத விட்டால் அது என் தப்பு. வீட்டில் இருக்கிறவர்களை இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியது அந்த வீட்டு ஆள், நான் இல்லை.

இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பிடிவாதமாக இருந்திருப்பேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் இல்லாத ஆளாகப் போய் நிற்கத் தயாராக இருந்தேன். என் வீட்டில் இருக்கிற ஆளைச் சொல்லத் தயாரில்லை. பொய்க்கு இருந்த தைரியம் உண்மைக்கு இல்லை. இவள் தன் மையம் கண்ணெதிரில் போவதைப் பார்த்துக்கொண்டு, என் வாய் திறக்கக் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

நாலு பேர் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொருமுறை சொன்னேன். பெயர்களைச் சொன்னேன். உறவு என்ன என்று அதிகாரி கேட்டார். மகள், பேத்தி என்றேன். அன்புச்செல்வி ரிஜிஸ்டரைத் திறந்து, அடித்துத் திருத்தி, கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றாள். அந்தக் கட்டத்தை விட்டுவிட முடியாது, எல்லார் வீட்டிலும் கேட்ட கேள்விதான்.

"தற்காலிகமா, நிரந்தரமா, அண்ணே?"

சமையலறைக் கதவோரம் வின்னி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோனியும் அவன் பெண்டாட்டியும் வாசலில் நிற்கிறார்கள், பாதி வரிசை நிற்கிறது.

"நிரந்தரம்னே எழுது, செல்வி. புருஷன் வீட்டுல இருந்து வந்துட்டா. இனிமே இங்கதான் இருப்பா," என்றேன்.

அவள் எழுதினாள். வின்னி வந்து கையெழுத்துப் போட்டாள். ஆதாரில் பழைய விலாசம் இருக்கிறதே என்று நான் இழுத்தேன். இருக்கிற இடம்தான் கணக்கு என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவர் தாளை மடிக்கப் போகும்போது, அதுவரைக்கும் திட்டிக்கொண்டிருந்த ரோனி தொண்டையைச் செருமினான். அவன் தம்பி எங்கேயோ வம்பில் மாட்டி ஊரைவிட்டுப் போன பிறகு, தம்பி மனைவியும் இரண்டு பையன்களும் அவன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். ஒரு வருஷமாக. அது எங்களுக்கெல்லாம் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவனும் சொன்னான். பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஒருத்தி, தன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட மாமியாரைச் சொன்னாள். மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டதால் வெளியே காட்டாத மருமகளை முதல் வரிசையில் ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அதிகாரி மறுபடியும் முதல் வீட்டிலிருந்து நடந்தார். இந்த முறை ஒருவரும் வரிசை மாறவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் என் வீட்டு இரண்டு பேரைத் தவிர இன்னும் பத்தொன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். ஆக நானூற்றுப் பன்னிரண்டு. பாக்யலட்சுமி பொய்யாக எழுதச் சொன்னதைவிட இரண்டு கூட. அந்த மனுஷி அன்புச்செல்வியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். அதிகாரி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, மையம் இங்கேயே இருக்கும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்புச்செல்வி யாரிடமும் நின்று பேசவில்லை. பழிச்சொல் சொன்னவர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. காலையில் ஐந்து மணிக்கு வர வேண்டும், விறகு நனைந்திருக்கிறது என்று சரோஜாவிடம் சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் லைனில் மேடை போட்டு மாலை போட்டவர்கள் பல பேர் உண்டு. அவர்களில் யாரும் இவள் கால் தூசிக்குச் சமம் இல்லை என்று நான் சொன்னால் சண்டைக்கு வராதீர்கள்.

எல்லாரும் போன பிறகு நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஜாய் காபி கொண்டுவந்து வைத்தாள். ஜெனிட்டா தரையில் உட்கார்ந்து அன்றைய பாட்டைத் தொடங்கினாள். நான் வழக்கப்படி அவளை மெதுவாகப் பாடு என்று அதட்டவில்லை. வின்னி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, நான் லீவுக்கு வந்துக்கிறேன்னு நீ யார்கிட்டயாச்சும் சொல்றப்பல்லாம், எப்ப கெளம்புவேன்னு என்னைக் கேக்கிறாப்பலயே இருக்கும்பா," என்றாள்.

எட்டு மாதமாக அவள் தன் பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்காமலே இருந்திருக்கிறாள். மூலையில் அந்தப் பை துணியோடு அப்படியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எழுந்து போய் என் பழைய சட்டைகளை அள்ளிக் கீழ்த்தட்டைக் காலி செய்தேன்.